மலையகப் பாதையில் ட்ரெயிலர்ப் பயணம்: நீரை எங்கே நிரப்புவது, எவ்வளவு சுமப்பது?

மகாவலிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வருகின்ற ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் எட்டு நாட்கள் மலையகத்தைச் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா. அங்கிருந்து ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை. பின்னர் அப்புத்தளை, கடைசியாக எல்ல. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 71 வயதான என் தாயார் என ஐந்து பேர் செல்கிறோம்.

இழுத்துச் செல்லும் ட்ரெயிலர் ஒற்றை அச்சுக் கொண்டது. 90 லீற்றர் நீர்த்தாங்கி படுக்கைக்குக் கீழே பின்பக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. 12 வோல்ட் பம்பி ஒன்று குசினித் தொட்டிக்கும் வெளியே உள்ள குளிக்கும் குழாய்க்கும் நீரைத் தள்ளுகிறது. வெளிநாட்டவர்கள் எழுதியவற்றைப் படித்தால், தரிப்பிடத்தில் குழாயைச் சொருகி நீரை எடுத்துக்கொள்வதாகவும் கழிவுநீரை அங்கேயே உள்ள குழியில் விடுவதாகவும் எழுதுகிறார்கள். நமது பாதையில் அப்படியான இடங்கள் வரிசையாக இல்லை என்பதை நான் அறிவேன். ஆகவே தாங்கியை நிரப்பிக்கொண்டே கண்டியிலிருந்து புறப்படுவதா, வழியில் நிரப்புவதா, வழியில் என்றால் எங்கே, நிரப்பிய நீரைத் தாயாருக்குக் குடிக்கக் கொடுக்கலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஊவாக்காற்று

வணக்கம். நான் சிறிய லொறி ஒன்றில் படுக்கையும் அடுப்பும் அமைத்து ஆறு ஆண்டுகளாக இந்தப் பாதைகளில் பயணிக்கிறேன். எவ்வளவு சுமப்பது என்பதற்கு முன்னர் ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: நீங்கள் போகும் எட்டு நாட்களும் ஒரே பருவகாலம் அல்ல. ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று வீசுவதால் புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியாப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும். ஹக்கலையைக் கடந்து வெலிமடைக்கு இறங்கத் தொடங்கியதும் அதே காற்று ஈரத்தை இழந்து வறண்ட கச்சான் காற்றாக மாறிவிடும். ஊவாவில் அது வறட்சிக் காலம். பயணத்தின் முதற்பாதியில் நீர் நிறைய இருக்கும், ஆனால் கலங்கியிருக்கும். இரண்டாம் பாதியில் தெளிவாக இருக்கும், ஆனால் குறைவாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் போனால் இதுவே பெரும்பாலும் தலைகீழாகும்: அப்போது வடகீழ் பருவமழை பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெய்யும், தை பிறந்ததும் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் காயத் தொடங்கும்.

இனி அளவு. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லீற்றர் போதும். பாத்திரம், கைகால், பல் துலக்கல் என்று சேர்த்தால் கவனமாக இருப்பவருக்கு 10 லீற்றர் ஆகும். உடலை நனைத்துக் குழாயை மூடி, சவர்க்காரம் போட்டபின் மீண்டும் திறந்து குளித்தால் ஒரு குளியல் 6 லீற்றருக்குள் முடியும். குழாயைத் திறந்தபடி விட்டால் 30 லீற்றர் எங்கே போனது என்று தெரியாது. உங்கள் ஐவருக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லீற்றர், ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல் சேர்த்தால் 65 லீற்றர். அதாவது உங்கள் தாங்கி ஒன்றரை நாளுக்குரியது.

ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். 90 லீற்றரை நிரப்பினால் ட்ரெயிலரில் கூடுதலாக ஒரு பெரிய ஆளை ஏற்றிக்கொண்டு 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுகிறீர்கள். அங்கே மழை பெய்துகொண்டிருக்கும். ஆகவே தாங்கியைப் பாதியாக வைத்துக்கொண்டு ஏறுங்கள் என்பதே என் ஆலோசனை.

மூடுபனி

நான் சற்று மாறுபடுகிறேன். நம்மிடம் இல்லாதது போல நீரைக் கணக்கிட்டுச் சுமக்க வேண்டியதில்லை. பாறையிடுக்கிலிருந்து வரும் ஊற்று நீரை நான் சிறுவயதிலிருந்து காய்ச்சாமல் குடித்து வளர்ந்தவன். இன்றுவரை ஒரு நோயும் வந்ததில்லை. சிவனொளிபாத மலை அடிவாரத்து ஊருக்கு நல்லதண்ணி என்று பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமலா வைத்தார்கள்? குளோரின் போட்டு அந்த நீரின் சுவையைக் கெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சுகாதாரப்பணி

மூடுபனி ஐயாவின் ஊற்றுப் பற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் பொதுச் சுகாதாரத் துறையில் மலையகத்திலேயே பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் இதற்கு விடையளிக்காமல் இருக்க முடியவில்லை.

ஊற்று பாறையிலிருந்து வெளிப்படும் இடத்தில் சுத்தமாக இருக்கலாம். நாம் அதைப் பிடிக்கும் இடம் பெரும்பாலும் அதுவல்ல. மேலே ஒரு லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகள்) இருக்கலாம், மாட்டுக்கொட்டில் இருக்கலாம், மூடியில்லாத சேகரிப்புத் தொட்டி இருக்கலாம். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியவை மலத்தால் மாசடைந்த நீரின் வழியாகப் பரவுகின்றன. எலிகளின் சிறுநீர் கலந்த ஓடையிலும் சேற்றிலும் காயமுள்ள காலை வைத்தாலே எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். ஓர் ஊற்றைப் பிறந்ததிலிருந்து குடிப்பவருக்கு அது ஒத்துப்போவதும், பயணத்தில் வந்த 71 வயது அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அதே நீர் ஒத்துக்கொள்ளாமல் போவதும் நான் பலமுறை கண்டது.

நுண்ணுயிர்களைக் கொல்லக் கொதிக்கவைத்தல் போதும். உயரம் செல்லச் செல்லக் கொதிநிலை 300 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குறையும். நுவரெலியாவில் நீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். அந்த வெப்பமும் நோய்க்கிருமிகளைக் கொல்லும். நன்றாகக் கொப்பளித்த பின் ஒரு நிமிடம் விட்டால் போதும். 2,000 மீற்றருக்கு மேலே, ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களில், மூன்று நிமிடம் விடுங்கள்.

ஆனால் கொதிக்கவைத்தலுக்கு ஓர் எல்லை உண்டு. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பகுதிகளில் உருளைக்கிழங்கும் கோவாவும் கரட்டும் பயிரிடப்படும் சரிவுகளின் அடியிலுள்ள கிணறுகளிலும் சிற்றோடைகளிலும் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றும் பூச்சிநாசினியும் சேரக்கூடும். காய்ச்சினால் அவை போகா. நீர் ஆவியாவதால் நைத்திரேற்றின் செறிவு சிறிது கூடவே செய்யும். நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கண்ணாலும் நாக்காலும் அதை அறிய முடியாது. எனவே மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே எங்கும் குடிநீர் எடுக்காதீர்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் இதில் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எல்லவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். அங்கே உலர் வலயம் தொடங்குகிறது. அவ்வலயத்தின் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது, புளோரைட்டும் கூடியது. காய்ச்சுவதால் புளோரைட்டும் நீங்காது. குடிப்பதற்குரிய நீரை மலையிலேயே பிடித்துக்கொண்டு இறங்குவது நல்லது.

தேயிலைமலை

இந்த இழையில் நீரின் அளவையும் சுத்தத்தையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது யாருடைய நீர் என்பதையும் எழுத வேண்டும் என்பதற்காகவே வருகிறேன்.

நான் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பாதையோரத்தில் ஒரு பீலி, அதாவது ஊற்று நீர் விழும் குழாய்வாய், இரவும் பகலும் வழிந்துகொண்டிருப்பதைப் பார்க்கும் பயணிக்கு அது காட்டு நீர் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பீலிக்கு மேலே எங்கோ ஒரு சிறு அணைக்கட்டும், கறுப்பு பொலித்தீன் குழாயும், தொட்டியும் இருக்கின்றன. அதற்குக் கீழே இருபது முப்பது குடும்பங்கள் இருக்கின்றன. காலையில் கொழுந்து பறிக்கப் போகும் முன்பும், மாலையில் வேலை முடிந்து வந்த பின்பும் பெண்கள் அந்த ஒரே வாயில் முறைவைத்து நீர் பிடிக்கிறார்கள். ஆகஸ்டில் எங்கள் பீலியில் நிமிடத்துக்கு 3 லீற்றருக்கு மேல் வராது. உங்கள் 90 லீற்றர் தாங்கியை அதில் நிரப்புவதென்றால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் ஒருவருடைய சமையலும் இன்னொருவருடைய குளிப்பும் தள்ளிப்போகும். வெளியூரிலிருந்து வந்தவர்களை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நா எழாது. அதனால்தான் கேட்பவர் பார்த்துக் கேட்க வேண்டும்.

நீர் வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குப் பின், பிற்பகல் மூன்று மணிக்கு முன் வாருங்கள். முதலில் லயத்தில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். ஒரு கேன் குடிநீர் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்; தாங்கி நிரப்புவதற்கு நகரத்துக்குப் போங்கள். பீலிக்கரையில் பாத்திரம் கழுவுவதையோ, ட்ரெயிலரின் கழிவுநீரைத் தேயிலைக் கானில் (வடிகாலில்) திறந்துவிடுவதையோ செய்யாதீர்கள். அந்தக் கான் கீழே உள்ள இன்னொரு லயத்தின் தொட்டிக்குப் பக்கத்தால்தான் போகிறது. சவர்க்கார நீரை வாளியில் பிடித்து, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீற்றராவது தள்ளி மண்ணில் பரவலாக ஊற்றுங்கள். மலசலகூடக் கழிவை ஒருபோதும் நிலத்தில் விடாதீர்கள். தங்குமிடம் ஒன்றில் கேட்டு, அவர்களுடைய மலக்குழியில் மட்டும் விடுங்கள்.

ஊவாக்காற்று

தேயிலைமலை சகோதரி எழுதியதைப் படித்து நெடுநேரம் யோசித்தேன். பாதையோரப் பீலிகளில் நான் பலமுறை கேட்காமலே நிரப்பியிருக்கிறேன். அவற்றுக்குப் பின்னால் ஒரு வரிசை காத்திருந்திருக்கும் என்பது என் எண்ணத்தில் வரவில்லை. இனி அப்படிச் செய்யமாட்டேன்.

குழாய்த்திருத்துநர்

நீர்க்குழாய் வேலையில் 22 வருட அனுபவம். பாதித் தாங்கி என்ற ஆலோசனையில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்.

தாங்கிக்குள் தடுப்புத் தகடுகள் இல்லையென்றால், பாதியளவு நீர் வளைவுக்கு வளைவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மோதும். இறம்பொடைக் கொண்டையூசி வளைவுகளில் ஒற்றை அச்சு ட்ரெயிலர் அதை உணரும். மேலும் உங்கள் தாங்கி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அதை நிரப்பினால் பின்புறம் தாழ்ந்து, இழுக்கும் வண்டியின் கொக்கி மீது விழ வேண்டிய பாரம் குறையும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்களவு கொக்கியில் இருக்க வேண்டும். அது குறைந்தால் இறக்கத்தில் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஏறும்போதும் இறங்கும்போதும் தாங்கியை 10, 15 லீற்றரோடு விட்டுவிடுங்கள். 20 லீற்றர் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டை விளிம்புவரை நிரப்பி, அச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னால் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். நிறைந்த கேனில் நீர் அலைமோதாது. குடிநீரையும் கழுவும் நீரையும் பிரித்து வைத்ததாகவும் ஆகும்: கேனில் உள்ளது குடிக்க, தாங்கியில் உள்ளது கழுவ.

அடுத்தது அழுத்தம். மலையகத்தில் பெரும்பாலான நீர்த்திட்டங்கள் ஈர்ப்பினால் ஓடுபவை. தொட்டிக்கும் குழாய்வாய்க்கும் உயர வேறுபாடு 10 மீற்றர் என்றால், குழாயை மூடியிருக்கும்போது ஒரு பார் அழுத்தம் நிற்கும். 80 மீற்றர் மேலே உள்ள தொட்டியிலிருந்து இடையில் அழுத்தத்தை உடைக்கும் தொட்டி எதுவும் இல்லாமல் வரும் குழாயில் 8 பார் இருக்கும். உங்கள் பம்பியும் அதன் இணைப்புகளும் 2, 3 பாருக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே மலைக்குழாயை ட்ரெயிலரின் குழாய் அமைப்போடு நேரடியாக ஒருபோதும் பொருத்தாதீர்கள். தாங்கியின் திறந்த வாய்க்குள் மட்டும் விடுங்கள். நேரடியாகப் பொருத்தித்தான் ஆக வேண்டுமென்றால் அழுத்தக் குறைப்பி ஒன்றை முன்னால் போடுங்கள். நிரப்பும்போது ஹோஸ் குழாயின் நுனி தாங்கியின் நீருக்குள் அமிழ்ந்திருக்கவும் கூடாது. விநியோகம் திடீரென நின்றால் தாங்கி நீர் ஊர்க்குழாய்க்குள் உறிஞ்சப்படும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

விநியோகம் நின்று மீண்டும் வரும் முதல் நீரைப் பிடிக்காதீர்கள். குழாய் வெறுமையாக இருந்தபோது மூட்டுகளின் வழியே உட்புகுந்த அழுக்கு அதில்தான் வரும். குடிநீருக்கென்று ஒளி புகாத தனி ஹோஸ் வைத்திருங்கள், இரு முனைகளையும் மூடியால் அடைத்து வையுங்கள். கழிவுக்குப் பாவித்த ஹோஸ் அதன் பக்கத்திலும் இருக்கக்கூடாது.

மகாவலிக்கரை

உங்கள் அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேலும் இரண்டு ஐயங்கள். தாங்கி ஐந்து மாதமாகப் பாவிக்கப்படாமல் அடியில் சிறிது நீரோடு இருந்தது. மூடியைத் திறந்தால் பாசி நாற்றம் வருகிறது. எப்படிச் சுத்தம் செய்வது? மற்றது, கார்பன் வடிகட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதைத் தாங்கிக்கு முன் பொருத்துவதா, பின் பொருத்துவதா?

சுகாதாரப்பணி

முதலில் பழைய நீரை முழுவதும் வடித்து, வாய்க்குள் கை எட்டுமிடம்வரை தூரிகையால் தேய்த்து அலசுங்கள். பின்னர் 5 வீதச் செறிவுள்ள, வாசனை சேர்க்காத குளோரின் திரவத்தில் 90 மில்லிலீற்றரை ஒரு வாளி நீரில் கலந்து தாங்கியில் ஊற்றி, தாங்கியை நிறைத்துவிடுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். திரவம் கிடைக்காவிட்டால், கிணறுகளுக்குப் போடும் வெளிற்றும் தூளில் ஏறத்தாழ 15 கிராம் எடுத்து வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். படிவு பம்பிக்குள் போகக்கூடாது. ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் வடித்து, நாற்றம் மறையும்வரை நல்ல நீரால் அலசுங்கள். அந்த நீரை ஓடையில் விடாதீர்கள், மீன்கள் இறந்துவிடும். குளோரினோடு வினாகிரியையோ வேறு அமிலத்தையோ சேர்க்கக்கூடாது. நச்சு வாயு வெளிவரும்.

பயணத்தின்போது கேனில் பிடிக்கும் நீரைக் காய்ச்ச வசதியில்லையென்றால், தெளிந்த நீருக்கு லீற்றருக்கு இதே திரவத்தில் 2 துளி, அதாவது 20 லீற்றர் கேனுக்கு 2 மில்லிலீற்றர், கலந்து அரை மணி நேரம் விடுங்கள். நுவரெலியாக் குளிரில் ஒரு மணி நேரம் விடுங்கள், ஏனென்றால் குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாகவே வேலை செய்யும். கலங்கிய நீரில் முதலில் தெளிவு வேண்டும். நம் முன்னோர் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நீரைத் தெளியவைத்தது இதற்குத்தான். வாளியில் இரவு முழுவதும் அடையவிட்டு, மேல்நீரை மடித்த பருத்தித் துணியால் வடித்தாலும் பெருமளவு தெளியும். தெளிந்தது என்பதற்காக அது கிருமியற்றது ஆகிவிடாது.

குழாய்த்திருத்துநர்

கார்பன் வடிகட்டி தாங்கிக்குப் பின்னால், குடிக்கும் குழாய்க்கு நேர்முன்னால். முன்னால் போட்டால் நகர நீரிலுள்ள குளோரினை அது வாங்கிவிடும்; காவலில்லாத நீர் தாங்கியில் இரண்டு நாள் நின்றால் சுவரில் வழுக்கல் படியும். முன்னால் போட வேண்டியது வண்டலைப் பிடிக்கும் வலை மட்டுமே. தாங்கியைக் குளோரினால் கழுவும்போது கார்பன் உருளையைக் கழற்றி வைத்துவிடுங்கள். மற்றது, கார்பன் கிருமிகளைக் கொல்வதில்லை. சுவையையும் வாசனையையும்தான் திருத்தும்.

மகாவலிக்கரை

பயணம் முடிந்து மூன்று நாட்களாகின்றன. நீங்கள் தந்த நேரத்துக்குக் கைம்மாறாக நடந்தவற்றைப் பதிவுசெய்கிறேன்.

கண்டியிலிருந்து இரண்டு கேன்களோடும் அநேகமாக வெறுமையான தாங்கியோடும் புறப்பட்டோம். இறம்பொடையில் வளைவுகளில் ட்ரெயிலர் ஒழுங்காகப் பின்தொடர்ந்தது. அன்றிரவு தங்கிய விடுதியில் மழையால் குழாய் நீர் தேநீர் நிறத்தில் வந்தது. வாளிகளில் அடையவிட்டு, விடிந்ததும் துணியால் வடித்துப் பாத்திரங்களுக்கு மட்டும் பாவித்தோம்.

நுவரெலியாவில் தங்குமிடமொன்றில் பணம் கொடுத்து நிரப்பினோம். அங்கேதான் ஒரு தவறு செய்தேன். குளிக்கும் குழாயில் நல்ல வேகம் வரட்டும் என்று பிள்ளைகள் கேட்டதால், அவர்களுடைய குழாயை ட்ரெயிலரின் இணைப்பில் நேரடியாகப் பொருத்தினேன். தொட்டி மலையின் மேலே, மரங்களுக்குப் பின்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் படுக்கைக்குக் கீழிருந்த மூட்டு கழன்று மெத்தை நனைந்துவிட்டது. குழாய்த்திருத்துநர் அண்ணன் தெளிவாக எழுதியிருந்தும் கேளாமல் நடந்தது என் பிழை. மூட்டை மாற்ற அரை நாள் போயிற்று.

ஹக்கலையைத் தாண்டியதும் ஊவாக்காற்று ஐயா சொன்னபடியே வானம் மாறியது. வெலிமடைச் சரிவுகளில் எங்கும் நீர் பிடிக்கவில்லை. பண்டாரவளையில் நாங்கள் நின்ற தெருவுக்குக் குழாய் நீர் குறித்த நேரங்களில் மட்டுமே வந்தது. கடையொன்றில் 19 லீற்றர் குடிநீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டோம். தாயார் முழுப் பயணத்திலும் போத்தல் நீரும் காய்ச்சிய நீரும் மட்டுமே குடித்தார். அவருக்கு எந்தக் குறையும் வரவில்லை.

ஒவ்வொரு இரவும் எவ்வளவு செலவாயிற்று என்று மகள் கொப்பியில் எழுதினாள். முதல் நாள் 64 லீற்றர், ஐந்தாம் நாள் 45, ஏழாம் நாள் 38. பம்பியை நிறுத்திவிட்டு, பாத்திரங்களை இரண்டு பேசின்களில் கழுவத் தொடங்கியதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். குழாயைத் திறந்தால் வரும் நீரை மனிதர் அளப்பதில்லை. கோப்பையால் முகர்ந்தால் அளக்கிறார்கள்.

அப்புத்தளைக்கு அப்பால் தோட்டமொன்றின் பாதையோரத்தில் நின்றோம். காலை ஒன்பது மணிக்கு லயத்துக்குப் போய்க் கேட்டேன். வயதான அம்மா ஒருவர் என்னைப் பீலிக்கு அழைத்துப்போனார். ஒரு கேன் நிறைய ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆனது. பணம் நீட்டியபோது வாங்க மறுத்தார். நாங்கள் கொண்டுபோன பிஸ்கட்டைப் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டார். இரண்டாவது கேனையும் கொண்டுவரச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பீலிக்கு மேலே உள்ள சேகரிப்புத் தொட்டியையும் காட்டினார்: மூடி இல்லை, இலைகள் மிதக்கின்றன, மிதவை வால்வு உடைந்து தொட்டியின் ஒரு பக்கத்தால் நீர் வீணாக வழிகிறது. வழியும் அந்த நீர் பீலிக்கு வந்தால் வரிசை பாதியாகும் என்று அவர் சொன்னார்.

தேயிலைமலை

அந்த அம்மாவிடம் கேட்டு எடுத்ததற்கு நன்றி. நீங்கள் சொல்லும் தொட்டி எனக்குத் தெரிந்ததாக இருக்கலாம். வளைவில் சிறிய மாரியம்மன் கோவில், அதற்கு மேலே சவுக்கு மரங்கள். சரிதானா?

மகாவலிக்கரை

ஆம், அதுவேதான். கோவிலிலிருந்து படிக்கட்டு ஏறினால் இரண்டாவது திருப்பம்.

குழாய்த்திருத்துநர்

தொட்டி மூடியில்லாமல் இருப்பது இலைகளுக்காக மட்டும் கவலைக்குரியதல்ல. நுளம்பு முட்டையிட்டு, ஏழெட்டு நாளில் வளர்ந்து பறந்துவிடும். மிதவை வால்வு பெரிய செலவில்லை. மூடிக்குத் தகரமும் நுளம்பு வலையும் போதும். அடுத்த மாதம் பண்டாரவளையில் எனக்கு வேலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பொருத்தித் தர முடியும். ஆனால் தொட்டி தோட்டத்துக்கு உரியது. ஆகவே தோட்ட நிர்வாகத்திடமும் லயத்தில் உள்ளவர்களிடமும் முதலில் அனுமதி பெற வேண்டும். தேயிலைமலைத் தங்கச்சி, அதை நீங்கள் பேசுவீர்களா?

தேயிலைமலை

பேசுகிறேன் அண்ணன். என் சித்தப்பா அங்கே தலைவராக இருக்கிறார். அவர் வழியாக நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுப்போம்.

மகாவலிக்கரை

வலைக்கும் வால்வுக்கும் ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ட்ரெயிலர் தாங்கியை முழுவதும் வடித்து, மூடியைத் திறந்து, வாய்க்கு நுளம்பு வலை கட்டிக் காயவிட்டிருக்கிறேன். இனி ஐந்து மாதம் நீரோடு விடமாட்டேன்.

குழாய்த்திருத்துநர்

நல்லது. தொட்டியின் வாய் நீள அகலத்தையும், உட்குழாயின் விட்டத்தையும், வால்வுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். குழாய் அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்பது தெரிந்தால்தான் இங்கேயே பொருட்களை வாங்கிக்கொண்டு வர முடியும்.